எறும்பின் முகமும் எடுத்தவர் உரிமையும்

சீனிப் போத்தலின் மூடியைத் திறந்தால் எறும்பு. மாமரத்தில் ஏறினால் எறும்பு. மழைக்கு முன்னர் சுவரோரத்தில் முட்டை சுமந்து வரிசையாகச் செல்வதும் எறும்பு. மனிதரோடு இத்துணை நெருங்கி வாழும் உயிர் வேறுண்டாயின் அது ஈயாகவோ நுளம்பாகவோதான் இருத்தல் வேண்டும். ஆயினும் எறும்பின் முகத்தைக் கண்டவர் எத்தனை பேர்? அதன் கண் எங்கே அமைந்துள்ளது, தாடை எவ்வாறு மடிகின்றது, உணர்கொம்பு எந்த இடத்தில் முழங்கைபோல் வளைகின்றது என்பவற்றை வெறுங்கண்ணாற் பார்த்துச் சொல்ல வல்லவர் இலர். இன்றோ, பாடநூலைப் புரட்டும் மாணவன் அம்முகத்தை ஒரு முழுப் பக்க அளவிற் காண்கின்றான். கைத்தொலைபேசியில் எறும்பு என்று தேடும் சிறுமியின் முன்னே கண் இமைக்கும் நேரத்தில் நூறு முகங்கள் வந்து நிற்கின்றன. அப்படங்கள் எங்கிருந்து வந்தன என்று அவ்விருவருமே கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததுமில்லை.

அத்தகைய படங்களுட் சிறந்தவை பலவற்றை எடுத்தவர் அலெக்ஸ் வைல்ட் என்னும் அமெரிக்கர். அவர் தொழிலாற் புகைப்படக்காரராகப் பிறந்தவர் அல்லர். எறும்புகளின் இனப்பாகுபாட்டை ஆராய்ந்து கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற பூச்சியியலறிஞர். ஆராய்ச்சிக்குத் துணையாகக் கையில் எடுத்த கமரா நாளடைவில் அவருடைய சீவனோபாயமாயிற்று. நூல் வெளியீட்டாளரும் சஞ்சிகைகளும் நூதனசாலைகளும் அவருடைய படங்களை விலை கொடுத்து வாங்கின. பின்னர் அந்தத் தொழிலை விட்டு அவர் விலக நேர்ந்தது. படம் கெட்டுப்போனதனால் அன்று; படம் நன்றாக இருந்ததனால். இணையத்தில் அதைக் கண்டவர்கள் வேண்டியபோதெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். அவ்விழப்பின் கனத்தை அறிய வேண்டுமாயின், ஓர் எறும்பைப் படமெடுப்பது எத்துணைப் பாடு என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மிக அண்மையில் நின்று சிறு பொருளைப் பெரிதாகப் படம் பிடிக்கும் இக்கலை கணினிக் காலத்திலே தோன்றியதன்று. ஐக்கிய அமெரிக்காவின் வேர்மன்ட் மாநிலத்தில், ஜெரிக்கோ என்னும் சிற்றூரில், வில்சன் பென்ற்லி என்ற கமக்காரர் வாழ்ந்தார். பிறந்தது 1865ஆம் ஆண்டு. பதினைந்து வயதளவில் தாயார் அவருக்கு ஒரு பழைய நுணுக்குக்காட்டியைக் கொடுத்தார். அதனடியில் பனித்துகளை வைத்துப் பார்த்த சிறுவன் அதன் அறுகோண வடிவத்தை வரைய முயன்றான். வரைந்து முடிப்பதற்குள் பனி உருகிவிடும். எனவே துருத்தி வைத்த கமரா ஒன்றை நுணுக்குக்காட்டியோடு பொருத்தும் வழியைத் தேடினார். 1885ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி ஒரு தனிப் பனிப்பளிங்கின் படம் அவருக்குக் கிட்டியது. விழும் பனியைக் கரும்பலகையில் ஏந்தி, நல்லதொரு துகளைத் தெரிந்து, மெல்லிய குச்சியினால் தொட்டெடுத்துக் கண்ணாடித் தகட்டில் இட்டு, மூச்சுப் படாமல், நெருப்பில்லாத கொட்டிலில் நின்று அவர் படமெடுத்தார். மூச்சுப் பட்டாற் பளிங்கு போய்விடும். வெள்ளைப் பின்னணியில் வெள்ளைப் பனி எடுபடாது என்பதால், ஒவ்வொரு கண்ணாடித் தகட்டிலும் பளிங்கின் விளிம்பைச் சுற்றியிருந்த படலத்தைக் கத்தியாற் சுரண்டிப் பின்னணியைக் கறுப்பாக்கினார். இவ்வாறு வாழ்நாளில் அவர் எடுத்த படங்கள் 5,000க்கு மேற்பட்டவை. அவற்றின் பிரதிகளை ஒன்று 5 சதமாக விற்றார். விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் அலங்கார வடிவமைப்பாளரும் அவற்றை வாங்கினர். அவருடைய படங்களின் பெருந்தொகுப்பு 1931இல் நூலாக வெளிவந்தது. அவ்வாண்டு டிசம்பர் 23ஆம் திகதி அவர் நிமோனியாக் காய்ச்சலால் மறைந்தார். அயலவர் கண்ணில் அவர் சற்றே விசித்திரமான கமக்காரர். பனிப்பளிங்கு ஒன்றைப்போல் மற்றொன்று இராது என்று உலகம் இன்று சொல்லிக்கொள்வதற்கு அவர் படங்களே பெருங் காரணம். சொல்பவர்களுட் பெரும்பாலோருக்கு அவர் பெயர் தெரியாது.

பென்ற்லிக்கு இருந்த அதே மூன்று இடர்கள் இன்றும் இக்கலையில் இருக்கின்றன: ஒளி போதாமை, தெளிவு போதாமை, பொருள் ஓரிடத்தில் நில்லாமை. கருவிகள் மாறினவேயன்றி இடர்கள் மாறவில்லை.

பெரிய ரகக் கமராக்களில் ஒளியுணரும் தகடு 36 மில்லிமீற்றர் அகலமும் 24 மில்லிமீற்றர் உயரமும் உடையது. ஒரு பொருள் தன் உண்மை அளவிலேயே அத்தகட்டில் விழுமாயின் அதனை ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதம் என்பர். மக்ரோ வில்லை என்று கடைகளில் விற்கப்படுவன பெரும்பாலும் இவ்விகிதத்தை எட்டுவன. 12 மில்லிமீற்றர் நீளமுள்ள பெரிய எறும்பு இவ்விகிதத்திற் படச்சட்டத்தின் மூன்றிலொரு பங்கை நிரப்பும். ஆனால் வீட்டில் ஊரும் எறும்பு 3 மில்லிமீற்றர்தானே! அது பன்னிரண்டிலொரு பங்கே வரும். முகம் புள்ளியாகத்தான் இருக்கும். ஆகையால் வைல்ட் போன்றோர் ஐந்து மடங்குவரை பெருப்பிக்கும் வில்லையை நாடுவர். கனன் நிறுவனம் 1999இல் வெளியிட்ட 65 மில்லிமீற்றர் வில்லை அத்தகையது. ஒரு மடங்கு முதல் ஐந்து மடங்குவரை பெருப்பிக்கும். அதற்கப்பால் தூரத்திலுள்ள மலையையோ மனிதரையோ அதனாற் படமெடுக்கவே முடியாது. சிற்றுயிருக்கென்றே செய்யப்பட்ட கருவி அது.

பெருப்பிக்கப் பெருப்பிக்க இரண்டு தண்டனைகள் உண்டு. முதலாவது ஒளி. ஒன்றுக்கு ஒன்று விகிதத்தில், சாதாரணமாகத் தகட்டில் விழும் ஒளியில் காற்பங்குதான் விழும். ஐந்து மடங்கிற் பெருப்பித்தால் முப்பத்தாறில் ஒரு பங்கு. நண்பகல் வெயிலிலும் அது இருட்டறை போலத்தான். இரண்டாவது தண்டனை இன்னுங் கொடியது. தெளிவாகத் தெரியும் பகுதியின் ஆழம் சுருங்கிவிடுகின்றது. வில்லையின் துவார எண்ணை 8இல் வைத்தால், உண்மை அளவிற் படமெடுக்கும்போது முன்பின்னாக ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் மட்டுமே தெளிவாயிருக்கும். ஐந்து மடங்கில் அது மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு. ஒரு காகிதத் தாளின் தடிப்பு. எறும்பின் கண் தெளிவாயின் தாடை மங்கும். தாடை தெளிவாயின் கண் புகைமூட்டமாகும். நேயர்கள் இதனை வீட்டிலே சோதித்துப் பார்க்கலாம். ஓர் அடிமட்டத்தைச் சரிவாக வைத்துக் கமராவை எவ்வளவு கிட்டக் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கிட்டக் கொண்டுபோய்ப் படமெடுத்தால், சில கோடுகள் மட்டும் கூர்மையாகவும் மற்றவை கரைந்தும் தோன்றும். அந்தச் சில கோடுகளுக்குள்ளேதான் எறும்பு அடங்க வேண்டும்.

துவாரத்தை இன்னும் ஒடுக்கினால் ஆழம் கூடுமே என்று கேட்கலாம். கூடும், ஆனால் ஒளிக்கதிர் ஒடுங்கிய வாயிலினூடே செல்லும்போது விளிம்போடு வளைந்து பரவுகின்ற இயல்புடையது. அப்பரவலினாற் படம் முழுவதும் மெல்லிய மெருகிழக்கும். அதுமட்டுமன்று; வளையத்தில் 8 என்று காட்டினாலும், ஐந்து மடங்கில் வில்லை 48 போல நடந்துகொள்ளும். ஆகவே ஒரு பக்கம் ஆழம், மறுபக்கம் கூர்மை. இரண்டையும் தராசிலிட்டுப் பார்த்துத்தான் துவாரத்தைத் தீர்மானிக்க வேண்டும். இந்தத் தராசைப் பிடிக்கத் தெரிந்தவனே இக்கலையில் தேர்ந்தவன். விலையுயர்ந்த கமரா இருந்தால் போதும் என்று எண்ணுவோர் பலர். அவர்களின் படங்களைப் பார்த்தாலே அந்த எண்ணம் விளங்கிவிடும்.

ஒளிக்குறையைத் தீர்ப்பது பிளாஷ் விளக்கு. அதன் பளிச்சீடு ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கிலும் குறைந்த நேரமே நீடிப்பதால், ஓடும் எறும்பும் உறைந்து நின்றதுபோல் விழும். பிடித்த கையின் நடுக்கமும் மறையும். ஆனால் விளக்கை மறைப்பின்றி அடித்தால் எறும்பின் எண்ணெய் பூசியது போன்ற உடலில் வெள்ளைப் பொட்டுகள் எரியும். மயிரும் வரியும் அதில் அழியும். ஆகையால் விளக்குக்கும் எறும்புக்கும் இடையே மெல்லிய தாளோ ஒளியைச் சிதறவிடும் பிளாஸ்டிக் தகடோ வைப்பர். விளக்கு பெரிதாகவும் அண்மையிலும் இருக்குமளவுக்கு ஒளி மென்மையாகும். இதற்கு விலையுயர்ந்த சாதனம் வேண்டியதில்லை. வரைபடத் தாளும் ஒட்டுநாடாவும் போதும். உலகின் மிக நல்ல பூச்சிப்படங்கள் சில அடுப்படிப் பொருள்களைக் கொண்டு செய்த மறைப்பின் கீழே எடுக்கப்பட்டவை.

குவியத்தைச் சரிசெய்யும் முறையும் வேறு. சாதாரணப் படத்திற் வளையத்தைத் திருப்புவர். இங்கே அளவை முன்னரே வைத்துவிட்டு, மூச்சை அடக்கி, உடலையே நூலிழை அளவு முன்னும் பின்னும் அசைத்து, கண் கூர்மையாகும் அந்தக் கணத்திற் பொத்தானை அழுத்துவர். நூறு அழுத்தில் தொண்ணூறு வீணாகும். அசையாது நிற்கும் பூச்சியாயின் வேறொரு வழியும் உண்டு. முன்னிருந்து பின்னாகக் குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தி முப்பது நாற்பது படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவாயுள்ள பகுதியை மட்டும் கணினி மென்பொருளினாற் பொறுக்கி ஒரே படமாக இணைப்பர். விடியற்காலைப் பனியில் நனைந்து குளிரில் மரத்திருக்கும் தும்பியும் வண்டும் இம்முறைக்கு இசைந்து கொடுக்கும். சிலர் பூச்சியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து மயக்கிப் படமெடுப்பர். பூச்சியை அறிந்தவர் அந்தப் படத்தைக் கண்டதும் அறிந்துகொள்வர். கால்கள் உயிர் இருப்பதுபோல் நில்லா.

இனி, செலவின்றித் தொடங்க விரும்புவோருக்கு ஒரு வார்த்தை. வில்லைக்கும் கமராவுக்கும் இடையே வெற்றுக் குழாய் ஒன்றைச் செருகினால் வில்லை பொருளுக்குக் கிட்ட வரும், படம் பெருக்கும். பழைய 50 மில்லிமீற்றர் வில்லையைத் தலைகீழாகப் பொருத்தினால் ஏறத்தாழ உண்மை அளவுப் படம் கிடைக்கும். அதற்கான பொருத்து வளையம் மலிவானது.

இவ்வளவும் செய்து ஓர் எறும்பின் முகம் கிடைத்துவிட்டது. அதனை இணையத்தில் இட்டாயிற்று. அங்கேதான் கதையின் மறுபாதி தொடங்குகின்றது.

2014ஆம் ஆண்டு வைல்ட் தமது அனுபவத்தை ஒரு கட்டுரையாக எழுதினார். அவருடைய படங்கள் அனுமதியின்றிப் பயன்பட்ட இடங்களின் பட்டியல் வியப்பும் வேதனையும் தருவது. பூச்சிகொல்லிப் பொதிகளின் முகப்பிலே, பூச்சி ஒழிக்கும் கம்பனிகளின் வாகனங்களிலே, விளம்பரப் பலகைகளிலே, சட்டைகளிலே, கைத்தொலைபேசி உறைகளிலே, நூல் அட்டைகளிலே, தபால் முத்திரையிலே கூட. பிறர் படத்தை எடுத்துத் தம் படமென்று விற்கும் படக் களஞ்சியங்களும் அப்பட்டியலில் இருந்தன. எறும்பை வாழ்நாள் முழுதும் நேசித்து ஆராய்ந்த ஒருவரின் படம் எறும்பைக் கொல்லும் மருந்தின் மேல் ஒட்டப்பட்டிருந்தது என்பதில் உள்ள கொடுமை தனியே சொல்லத்தக்கது.

எடுத்தவர் எல்லோரும் கள்வர் என்று சொல்லிவிட முடியாது. ஒரு படத்தை முதலில் எடுத்தவன் பெயரை நீக்கிவிட்டு வேறொரு தளத்தில் இடுகின்றான். அங்கிருந்து எடுப்பவனுக்கு அது யாருடையதென்று தெரியாது. மூன்றாமவன் கைக்குப் போகும்போது அது ஆற்று மணல் போல எவருக்கும் உரியதாகத் தோன்றுகின்றது. பள்ளிப் பிள்ளை தன் ஒப்படைக்காக ஒட்டுவது வேறு. இலாபம் ஈட்டும் கம்பனி ஒட்டுவது வேறு. வைல்டை வருத்தியது பின்னையதே. ஒவ்வொரு களவையும் கண்டுபிடித்து, தளத்தின் உரிமையாளர் யாரென விசாரித்து, கடிதம் எழுதி, பதில் வராதபோது மீண்டும் எழுதி, அந்நேரத்தில் புதிய படம் எடுக்காமல் அவர் நாட்களை இழந்தார். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பர்; இங்கே தேய்ந்தது ஒரு தொழில். அவர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஒஸ்டின் வளாகத்திற் பூச்சிச் சேகரிப்பின் பொறுப்பாளராகப் பதவியேற்றார். தனித்தொழிலாகப் படமெடுத்து வாழ்வது முடிவுக்கு வந்தது.

அவர் கையில் இருந்த சட்டம் வலுவற்றதுமன்று. அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டின் எண்ணியல் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, படத்தின் உரிமையாளர் அத்தளத்துக்கு இணையத்தில் இடம் கொடுக்கும் நிறுவனத்துக்கு முறைப்படி அறிவித்தல் அனுப்பினால், அந்நிறுவனம் படத்தை விரைந்து அகற்ற வேண்டும்; அகற்றினால் அந்நிறுவனம் பொறுப்பிலிருந்து தப்பும். அறிவித்தல் அனுப்பச் சட்டத்தரணி தேவையில்லை. ஆனால் படம் ஓரிடத்தில் அகன்றதும் மற்றோரிடத்தில் முளைக்கும். நட்டஈடு கோருவதாயின் இன்னொரு தடை உண்டு. அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகத்தில் உரிய காலத்தில் முன்கூட்டியே பதிவு செய்த படத்துக்கே சட்டம் வகுத்த பெருந்தொகையைக் கேட்கலாம். வேண்டுமென்றே செய்த மீறலுக்கு அது ஒரு படைப்புக்கு 1,50,000 டொலர் வரை செல்லும். பதிவு செய்யாதவர் தமக்கு உண்மையில் நேர்ந்த நட்டத்தை நிரூபிக்க வேண்டும். ஓர் எறும்புப் படத்தின் நட்டம் சில நூறு டொலர். வழக்குச் செலவோ பல ஆயிரம். இதனால் நெடுங்காலம் சிறிய உரிமையாளர் நீதிமன்ற வாயிலிலேயே நின்றுவிட்டனர். 2020இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 2022 ஜூன் மாதத்திற் சிறு கோரிக்கைகளை விசாரிக்கும் சபையொன்று அங்கே செயற்படத் தொடங்கியது. அது 30,000 டொலர் வரையிலான கோரிக்கையை ஏற்கும். வைல்டின் தொழிலுக்கு அது காலங்கடந்து வந்த மருந்து.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புகைப்படத்தையும் காக்கின்றது. இங்கே பதிவு வேண்டியதில்லை. படைக்கப்பட்ட அக்கணமே உரிமை பிறக்கின்றது. படைத்தவரின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் அது நீடிக்கும். கற்பித்தல், ஆராய்ச்சி, திறனாய்வு ஆகியவற்றுக்காக நியாயமான அளவிற் பயன்படுத்துவதற்குச் சட்டம் இடமளிக்கின்றது. அதனை வகுப்பறைக்கு வெளியே வியாபாரத்துக்கு நீட்டிக்கொள்வது அச்சலுகையைத் துர்ப்பிரயோகம் செய்வதாகும். இலக்கிய, கலைப் படைப்புக்களைக் காக்கும் பேர்ண் உடன்படிக்கையில் இலங்கை 1959இலேயே சேர்ந்தது. ஐக்கிய அமெரிக்கா 1989இலேதான் சேர்ந்தது. ஆகையால் அமெரிக்கரின் எறும்புப் படத்தைக் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு கம்பனி எடுத்தாண்டால், அது தூரதேசத்துப் பொருள் என்று சொல்லித் தப்ப முடியாது. அவ்வாறே மன்னாரில் எடுத்த தும்பியின் படம் நியூயோர்க்கிலும் எடுத்தவருக்கே உரியது.

சட்டம் பின்னே வருவது; காவல் முன்னே வேண்டும். முதலாவது காவல் மூலப்படத்தைக் கையில் வைத்துக்கொள்வது. கமரா பதிவுசெய்த மூலக் கோப்பை எவருக்கும் கொடாதிருப்பவர், பிணக்கு எழும்போது இது என்னுடையது என்று அதைக் காட்டலாம். இணையத்தில் இடுவதற்குச் சிறிய படம் போதும். ஆயிரம் பிக்செல் அகலமுள்ள படம் திரையில் அழகாக இருக்கும். அச்சுக்கு வழக்கமான அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அது மூன்று அங்குலத்தைச் சிறிதே தாண்டும். பூச்சிகொல்லிக் கம்பனியின் வாகனத்துக்கு அது ஆகாது. இத்துணை எளிய உபாயத்தை அலட்சியம் செய்து, மூலப்படத்தின் முழு அளவையே இணையத்தில் விரித்து வைத்துவிட்டுப் பின்னர் அழுவோர் பலர்.

படத்தின் மேல் பெயரை நீர்க்குறியாகப் பதிப்பது மற்றொரு முறை. ஓரத்திலே பதித்தால் வெட்டி எறிவர். நடுவிலே பதித்தால் எறும்பின் முகத்தையே மறைக்கும். அதற்கும் இப்பொழுது முழு நம்பிக்கையில்லை. ஒரே வகை நீர்க்குறி பல படங்களில் திரும்பத் திரும்ப இருந்தால் கணினி அதனைத் தானே கற்று அகற்றிவிடும் என்பதை 2017இற் கூகிள் ஆராய்ச்சியாளர் காட்டினர். ஆயினும் ஓரத்துப் பெயர் ஒரு நன்மை செய்யும்: நேர்மையானவருக்கு அது வழிகாட்டும். படத்தின் கோப்புக்குள் எடுத்தவர் பெயர், ஆண்டு, உரிமை முதலிய விவரங்களை எழுதிவைக்கவும் வசதி உண்டு. ஆனால் சமூக ஊடகத் தளங்கள் பல படத்தை ஏற்கும்போதே அவ்விவரங்களை உதிர்த்துவிடுகின்றன. சுட்டியின் வலப்பொத்தானை முடக்கி வைப்பது வெறும் பொம்மைப் பூட்டு. திரையில் தெரிவதை அப்படியே படமாக எடுக்கப் பள்ளிச் சிறுவனுக்கும் தெரியும்.

கண்டுபிடிக்கும் கருவிகள்தாம் உண்மையிற் பயன் தருவன. ஒரு படத்தைக் கொடுத்து அதன் பிரதிகள் எங்கெங்கே உள்ளன என்று தேடும் வசதியை ரின்ஐ என்னும் தளம் 2008இலும், கூகிள் 2011இலும் தொடங்கின. மாதமொருமுறை தம் சிறந்த பத்துப் படங்களை அவ்வாறு தேடிப் பார்ப்பவர் பலவற்றை அறிவார். கண்டவுடன் வழக்கென்று மிரட்டாமல், பயன்படுத்தியதற்குரிய கட்டணச் சிட்டையை மரியாதையான கடிதத்தோடு அனுப்புவதே தொழிலறிந்தோர் முறை. வேண்டுமென்று செய்யாத நிறுவனம் வெட்கி அதைச் செலுத்திவிடுவதும் உண்டு.

களவிலிருந்து மட்டுமன்று, அழிவிலிருந்தும் படத்தைக் காத்தல் வேண்டும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில் என்பது கணினியறிந்தோர் விதி. பென்ற்லியின் கண்ணாடித் தகடுகள் இன்றும் பஃபலோ விஞ்ஞான நூதனசாலையிற் பார்க்கக் கிடைக்கின்றன. நேற்று எடுத்த படத்தைக் கைத்தொலைபேசியோடு கிணற்றில் விட்டுவிட்டு ஏங்குவோரும் இருக்கின்றனர்.

படத்தைக் காப்பதிலும் பெரிதாக, படத்திலுள்ள உயிரைக் காக்க வேண்டிய சந்தர்ப்பமும் உண்டு. இது பெரும்பாலோர் நினைவில் எழாத விடயம். கைத்தொலைபேசி எடுக்கும் படத்தோடு அது எடுக்கப்பட்ட இடமும் அகலாங்கு நெட்டாங்காகக் கோப்பில் ஒளிந்து கிடக்கும். சாதாரணக் காகத்தின் படமாயின் கவலையில்லை. அரிய ஓர்க்கிட் பூவோ, அரிய சிலந்தியோ ஆயின், அந்த எண்கள் சேகரிப்போரை மரத்தடிக்கே அழைத்துச் செல்லும். இலங்கையிலும் இந்தியாவிலும் வாழும் பொயிசிலோதீரியா என்னும் மரச் சிலந்திப் பேரினம், வளர்ப்புப் பிராணியாக வெளிநாட்டிலே விரும்பப்படுவது. இலங்கையும் ஐக்கிய அமெரிக்காவும் முன்மொழிய, 2019இல் அப்பேரினம் முழுவதும் சர்வதேச வியாபாரக் கட்டுப்பாட்டுப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அத்தகைய உயிரின் படத்தை வெளியிடுமுன் இடவிவரத்தை நீக்குவது கட்டாயம். மாவட்டத்தின் பெயரே போதும். ஆராய்ச்சியாளருக்கு வேண்டுமாயின் தனியே கொடுக்கலாம்.

வைல்டின் கதை பல்கலைக்கழகப் பதவியோடு முற்றுப்பெறவில்லை. படங்கள் களவு போவதற்கு ஒரு காரணம், விலை கொடுக்க இயலாத ஆசிரியர்க்கும் சிறு நிறுவனங்களுக்கும் உரிமைச் சிக்கலற்ற நல்ல படங்கள் கிடையாமையே. அப்போது அவருக்கு மாதச் சம்பளம் இருந்தது. பொதுமக்களிடம் நிதி திரட்டவும் வழி இருந்தது. 2015இல் அவரும் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து, பூச்சிகளின் பூட்டைத் திறத்தல் என்று பொருள்படும் பெயரோடு ஒரு திட்டத்தைத் தொடங்கினர். மாணவரும் தொண்டரும் மக்ரோப் படக்கலையிற் பயிற்றப்பட்டனர். வில்லையும் விளக்கும் மறைப்புத் தாளும் கையிற் கொடுத்து, துவாரத்தைத் தராசிலிடக் கற்றுக்கொடுத்தனர். அவர்கள் எடுத்த படங்கள் எவ்வித உரிமையுமின்றிப் பொதுச் சொத்தாக இணையத்தில் இடப்பட்டன. அனுமதி கேட்க வேண்டியதில்லை, கட்டணம் இல்லை, எடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை. பூச்சிகொல்லிக் கம்பனியும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே மனிதர் இரண்டும் செய்தார் என்பதில் முரண்பாடு இருப்பதாகச் சிலர் கருதுவர். அவ்வாறன்று. எடுப்பவரின் உழைப்புக்கு ஊதியம் முன்னரே கிடைத்துவிட்ட இடத்தில், அவர் விரும்பிக் கதவைத் திறந்து வைத்தார். ஊதியம் பின்னரே வரவேண்டிய இடத்தில், கதவை உடைத்து எடுத்தவர்களை எதிர்த்தார். திறந்த கதவு வேறு, உடைந்த கதவு வேறு. அத்திட்டத்துக்கு வெளியே, தனித்தொழில் நடத்திய காலத்தில் தம் செலவிலும் நேரத்திலும் அவர் எடுத்த படங்களுக்குப் பதிப்புரிமை நீடித்தது. அவற்றை அச்சிட விரும்பியவர் அவருக்கு எழுதிக் கட்டணம் செலுத்தியே பெற்றனர்.